எஸ்.எம்.பி.எஸ். வெடித்தது; பிராசஸரும் போயிற்றா?

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். வடிவமைப்பு வேலைக்காக 2021-இல் வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. ஐ3-10100 பிராசஸர், எச்410 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் கொண்டது. சென்ற மாதம் ஒரு நாள் மாலை எங்கள் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து, சில கடைகளில் விளக்குகள் கண் கூசும்படி எரிந்து அணைந்தன. அதே நேரத்தில் கணினியின் பின்புறத்தில் ஓலை வெடி போட்டது போன்ற சத்தமும் கருகல் வாடையும் வந்தன. கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று தெரிந்து, புதியது வாங்கி மாட்டினோம். இப்போது விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. பழுது பார்க்க வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘சி.பி.யூ. போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்கிறார். அவர் சொல்வதை நம்பிப் புதிய பிராசஸர் வாங்கலாமா, ஐயா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். பிராசஸர் பழுதாகியே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது என்னும் இதே நிலையைச் சரியாக உட்காராத ரேமும் உண்டாக்கும், கெட்டுப்போன மதர்போர்டும் உண்டாக்கும், செருக மறந்த ஒரு பிளக்கும் உண்டாக்கும். அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் ‘சி.பி.யூ.’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். வந்தவர் சொன்னது அந்தப் பெட்டியையா, உள்ளே சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்குக்கு அடியில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் இருக்கும் பிராசஸரையா என்று அவரிடமே கேளுங்கள். ‘சி.பி.யூ. போச்சு’ என்ற வார்த்தையை நம்பிப் பிராசஸர் வாங்கி வந்து, கடைசியில் போனது மதர்போர்டு என்று தெரிந்து தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை என்ன நடந்தது என்பது புரிந்தால், எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும் இருக்கும். நியூட்ரல் அறுந்துவிட்டால் வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் கடைகள் தொடர் இணைப்பில் மாட்டிக்கொள்கின்றன. சுமை குறைவாக உள்ள கடையில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டிவிடக்கூடும். எஸ்.எம்.பி.எஸ். தனக்கு வரும் 230 வோல்ட்டை முதலில் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. அப்போது உள்ளே 325 வோல்ட் தேங்கி நிற்கும். வெளியிலிருந்து 350 வோல்ட் வந்தால் அந்த 325 என்பது 495 ஆகிவிடும். அங்கே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் வரைதான் தாங்கக் கூடியவை. நீங்கள் கேட்ட வெடிச்சத்தம் அந்தக் கெபாசிட்டருடையதாகவோ, மின்சாரம் நுழையும் இடத்தில் காவலுக்கு வைக்கப்பட்டிருக்கும் வாரிஸ்டருடையதாகவோ இருக்க வேண்டும்.

இதில் ஆறுதல் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. வெடித்த பகுதிக்கும் உங்கள் மதர்போர்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தடுப்புச் சுவர்போல நிற்கிறது. முன்பகுதி வெடித்து ஃபியூஸும் போய்விட்டால், பின்பகுதி பெரும்பாலும் வேறு தீங்கு செய்யாமல் அடங்கிவிடும். ஆபத்து எப்போது வருகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ். சாகும் தறுவாயில் தன் வெளியீட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் அந்தக் கண நேரத்தில்தான். மலிவான எஸ்.எம்.பி.எஸ்.களில், கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா நிறக் கம்பியில் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் இவ்விதம் எகிறுவது தெரிந்த பழுது. அந்தக் கம்பி போய்ச் சேருவது பிராசஸருக்கு அன்று, மதர்போர்டில் மற்ற உறுப்புகளை இணைத்து நடத்தும் சிப்செட் பகுதிக்கு. ஆகவே எஸ்.எம்.பி.எஸ். போன பிறகு கணினி உயிர் பெறவில்லை என்றால், என் சந்தேகம் முதலில் மதர்போர்டின் மீதும், அதற்கு வெகுவாகப் பின்னால்தான் பிராசஸரின் மீதும் விழும்.

பிராசஸருக்கு மின்சாரம் நேரடியாகப் போவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உங்கள் ஐ3-10100 பிராசஸர் 65 வாட் வகையைச் சேர்ந்தது. அது கேட்பது 12 வோல்ட் அல்ல, ஏறத்தாழ 1.1 வோல்ட். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் 65 வாட் தர வேண்டுமானால் கிட்டத்தட்ட 60 ஆம்பியர் பாய வேண்டும். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிகூட நாலைந்து ஆம்பியர்தான் இழுக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்வது, பிராசஸர் சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சுவிட்சுகளும் காயில்களும் கெபாசிட்டர்களும் சேர்ந்த பகுதி. மெக்கானிக்குகள் இதை வி.ஆர்.எம். என்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கமிருந்து வரும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது இதுதான். இது நல்லபடியாக இருந்தால் பிராசஸரும் நல்லபடியாக இருக்க வாய்ப்பு அதிகம். இது குறிப்பிட்ட ஒரு விதத்தில் பழுதானால் பிராசஸரையும் கொன்றுவிடும். அந்த விதத்தைக் கீழே விளக்குகிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். புதிய எஸ்.எம்.பி.எஸ். மாட்டியபோது, 24 ஊசிகள் கொண்ட பெரிய பிளக்கைத் தவிர, பிராசஸருக்கு மட்டும் தனியாக மின்சாரம் தரும் 4 அல்லது 8 ஊசி பிளக்கையும் செருகினார்களா என்று பாருங்கள். மஞ்சளும் கறுப்புமான கம்பிகள் கொண்ட அந்தப் பிளக், மதர்போர்டின் மேல் மூலையில் ஹீட்சிங்க்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவசரத்தில் விட்டுப்போகிற இடம் அதுதான். அதைச் செருகாவிட்டால் எல்லா விசிறிகளும் அழகாகச் சுற்றும், திரை மட்டும் வராது. நீங்கள் எழுதியிருப்பதும் அப்படியே இருக்கிறது.

அது சரியாக இருந்தால், புதிய எஸ்.எம்.பி.எஸ். தரும் வோல்டேஜ்களை அளந்துவிடுங்கள். புதியது என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது. மஞ்சள் கம்பியில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். சாம்பல் நிறக் கம்பியைப் பலர் அளப்பதே இல்லை. மற்ற வோல்டேஜ்கள் நிலைபெற்றுவிட்டன என்று எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்குச் சொல்லும் சைகை அந்தக் கம்பி வழியாகத்தான் போகிறது. அதில் 5 வோல்ட்டை ஒட்டிய அளவு வரவில்லையென்றால், பிராசஸர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மதர்போர்டு அதை வேலை செய்ய விடாது.

அடுத்து, கணினியைக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், யூஎஸ்பி கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிராசஸர், ஹீட்சிங்க், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றை மட்டும் விட்டுவையுங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியையும் மின்கம்பியையும் கழற்றிச் சில நிமிடம் வைத்திருந்து மீண்டும் மாட்டுங்கள். கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருளின் அமைப்புகள் குழம்பியிருந்தால் இதில் சரியாகிவிடும். உங்கள் பிராசஸரில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் திரையின் கேபிளை மதர்போர்டிலேயே செருகலாம். பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து வரும் 10100எஃப் போன்றவற்றில் அந்த வசதி கிடையாது என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அத்தகைய பிராசஸரைக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சோதித்துவிட்டு, ‘டிஸ்ப்ளே வரவில்லை, பிராசஸர் அவுட்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இதற்கும் திரை வரவில்லையென்றால், செலவே இல்லாத ஒரு சோதனையைச் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாச் சோதனைகளிலும் இதுதான் சிறந்தது. மதர்போர்டின் ஓரத்தில் ‘ஸ்பீக்கர்’ என்று அச்சிட்ட நான்கு ஊசிகள் இருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள பஸ்ஸர் ஒன்றை அதில் மாட்டுங்கள். பழைய கேபினெட்டுகளில் கிடைக்கும். பிறகு ரேமை முழுவதும் கழற்றிவிட்டுக் கணினியை இயக்குங்கள். ‘பீப்’ என்ற நீண்ட ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள், பிராசஸர் உயிரோடு இருக்கிறது! ஏனென்றால், ரேம் இல்லை என்பதைத் தானாகக் கண்டுபிடித்து ஒலி எழுப்ப மதர்போர்டால் முடியாது. பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும் கட்டளைகளைப் பிராசஸர் படித்து நிறைவேற்றினால்தான் அந்த ஒலியே பிறக்கும். ஆனால் இதன் மறுபக்கத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ஒலி வரவில்லை என்பதால் பிராசஸர் செத்துவிட்டது என்று ஆகிவிடாது. சிப்செட் கெட்டிருந்தாலும், பயாஸ் சிப் கெட்டிருந்தாலும், வி.ஆர்.எம். வேலை செய்யாவிட்டாலும் அதே மௌனம்தான். சில மதர்போர்டுகளில் பீப்புக்குப் பதிலாக ‘சிபியூ’, ‘டிராம்’ என்று எழுதிய சிறு விளக்குகள் எரியும். ‘சிபியூ’ விளக்கு எரிவதையும் பிராசஸர் பழுது என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனை அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

ஒலி வரவில்லையென்றால் மல்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். இதை மின்னணு வேலை பழகியவர் செய்வதே நல்லது. நீங்கள் அருகில் இருந்து பாருங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, எஸ்.எம்.பி.எஸ். பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, பிராசஸரையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பிராசஸர் உள்ளே இருக்கும்போது அளந்தால் அதுவே மிகக் குறைந்த மின்தடையைக் காட்டும். அதைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பிறகு மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிராசஸர் பிளக்கின் மஞ்சள் கம்பி வந்து சேரும் ஊசியிலும், மறுமுனையைச் சாக்கெட்டை ஒட்டி நிற்கும் சாம்பல் நிறக் கட்டை போன்ற காயிலின் காலிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு காயிலாகப் பார்த்து வரும்போது எதிலாவது 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டினால், 12 வோல்ட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவில் கதவுபோல இருக்க வேண்டிய மாஸ்ஃபெட் திறந்தபடியே உருகிப்போய்விட்டது என்று பொருள். அதாவது, 1.1 வோல்ட் கேட்ட பிராசஸருக்கு 12 வோல்ட் போயிருக்கக்கூடும். நான் மேலே சொன்ன ‘குறிப்பிட்ட விதம்’ இதுதான். (12 வோல்ட் நுழையும் இடத்திலேயே தனியாக ஒரு காயில் வைத்த மதர்போர்டுகள் உண்டு. அதில் சுழியம் காட்டுவது இயல்பே. அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.) பிறகு, அதே காயில்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். பிராசஸர் இல்லாதபோதும் அங்கே சுழியத்தை ஒட்டி வந்தால், காயிலைக் கிரவுண்டோடு இணைக்கும் கீழ்ப்பக்க மாஸ்ஃபெட்டோ கெபாசிட்டரோ ஷார்ட் ஆகியிருக்கிறது. உங்கள் கணினியில் விசிறிகள் நிற்காமல் சுற்றுவதால் இந்த இரண்டு பழுதுகளுக்கும் வாய்ப்பு குறைவு. இத்தகைய ஷார்ட் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் உடனே அணைந்துவிடும். ஆயினும் அளக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், இதனால் நேர்ந்த நஷ்டத்தை நானே கண்டவன். பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிதில், எஸ்.எம்.பி.எஸ். வெடித்து வந்த ஒரு கணினியில் பிராசஸரைத்தான் சந்தேகித்து, வேறொரு வாடிக்கையாளரின் நல்ல பிராசஸரை எடுத்து அந்த மதர்போர்டில் மாட்டிப் பார்த்தேன். விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது. கழற்றிப் பார்த்தபோது பிராசஸரின் அடிப்பக்கத்தில், பொன்னிறப் புள்ளிகளுக்கு நடுவே கடுகு அளவில் ஒரு கறுப்புத் தழும்பு விழுந்திருந்தது. அந்த வாடிக்கையாளரிடம் போய் நடந்ததைச் சொல்லி, என் இரண்டு மாதச் சம்பளத்தில் அவருக்கு வேறு வாங்கிக் கொடுத்தேன். சந்தேகத்துக்குரிய மதர்போர்டில் நல்ல பிராசஸரைப் போட்டுப் பார்ப்பது, பாம்பு இருக்கிறதா என்று புற்றுக்குள் கைவிட்டுப் பார்ப்பதற்கு ஒப்பானது. சோதிக்க வேண்டியது அதற்கு நேர்மாறான வழியில். உங்கள் பிராசஸரை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மதர்போர்டில் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல மதர்போர்டில் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் காப்பு இருப்பதால் இந்த வழியில் ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆகவே அதன் உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

அந்த இன்னொரு மதர்போர்டு எல்ஜிஏ1200 சாக்கெட் கொண்டதாக இருக்க வேண்டும். எச்410, பி460, எச்510, பி560 இவற்றில் எதுவும் உதவும். முந்தைய எல்ஜிஏ1151 சாக்கெட்டில் இது பொருந்தாது. பிராசஸரைக் கழற்றியதும் சாக்கெட்டில் இருக்கும் தலைமுடி போன்ற ஊசிகளைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வளைந்த ஊசி ஒன்று போதும், இந்தத் தொல்லை முழுவதையும் உண்டாக்க. பிராசஸரின் அடியில் கருகல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாகத் தடவிய பிறகே ஹீட்சிங்க்கை மாட்டுங்கள். ஹீட்சிங்க் இல்லாமல் ‘ஒரு விநாடிதானே’ என்று இயக்கிப் பார்ப்பது கூடாது.

அங்கே திரை வந்துவிட்டால் உங்கள் பிராசஸர் நல்லது. வாங்க வேண்டியது மதர்போர்டு. அங்கேயும் வரவில்லை, அதே மதர்போர்டில் அதற்குரிய பிராசஸரைத் திரும்பப் போட்டால் வருகிறது என்றால், அப்போது மட்டுமே உங்கள் பிராசஸர் போய்விட்டது என்று நான் ஒப்புக்கொள்வேன். அந்நிலையிலும் புதிய பிராசஸரை உங்கள் பழைய மதர்போர்டில் பொருத்துவதற்கு முன், அந்த மல்டிமீட்டர் சோதனையில் அது தேறியிருக்க வேண்டும். 2021-இல் வாங்கியதால் பிராசஸருக்கான மூன்றாண்டு உத்தரவாதம் முடிந்திருக்கும். மாற்று வாங்கினால் 10-ஆம் தலைமுறையிலேயே வாங்குங்கள். எச்410 மதர்போர்டுகளில் பல, அதே சாக்கெட்டில் பொருந்தும் 11-ஆம் தலைமுறைப் பிராசஸரை ஏற்பதில்லை.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். என் கணினியில் ரைசன் 5 3600 பிராசஸரும் பி450 மதர்போர்டும் உள்ளன. எஸ்.எம்.பி.எஸ். பழுதாகிக் கணினி அடிக்கடி தானாக அணைந்து வந்தது. அதை மாற்றிவிட்டேன். இப்போது அணைவதில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று முறை அப்படியே உறைந்து நிற்கிறது, அல்லது நீலத்திரை வருகிறது. பிராசஸர் பாதி பழுதாகியிருக்குமா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பிராசஸர் ஒன்று முழுதாக ஓடும் அல்லது முழுதாகச் சாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது முற்றிலும் சரியன்று. இப்போதைய பிராசஸர்களில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதியும், கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் பகுதியும் உள்ளேயே இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் சேதப்பட்டு மற்றவை ஓடுவது உண்டு. ஆனால் அப்படி நேர்வது அரிது என்பதால், எளிதான காரணங்களை முதலில் விலக்குவோம்.

பயாஸில் எல்லாவற்றையும் ஆரம்ப அமைப்புக்குக் கொண்டுவந்து, ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. வசதியை அணைத்து வையுங்கள். பிறகு விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் ‘டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்’ என்ற பெயரைத் தேடுங்கள். உறைந்து நின்ற நேரத்தை ஒட்டி 18 என்ற எண்ணுடன் பதிவு இருந்தால், பிராசஸர் தானே ஒரு வன்பொருள் பிழையை அறிவித்திருக்கிறது. 19 என்றால் பிழை வந்து அதைத் தானே திருத்திக்கொண்டது. இந்தப் பதிவுகளே இல்லையென்றால் பிராசஸர் மீதான சந்தேகத்தை ஒத்திவைத்து, ஹார்டு டிஸ்க், டிரைவர்கள் பக்கம் போங்கள்.

பதிவு இருந்தாலும் அது கடைசி வார்த்தை அன்று. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி, ஒரு ரேமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்து, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மறுநாள் அதே ரேமை வேறு ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். பிழை ரேமோடு இடம் மாறினால் ரேம் பழுது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டின் ஸ்லாட், அல்லது பிராசஸருக்குள் இருக்கும் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி. இரண்டில் எது என்பதை வேறொரு மதர்போர்டில் போட்டுப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். ரைசனைக் கழற்றுவதற்கு முன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு ஹீட்சிங்க்கைச் சூடேற்றி, இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். இறுகிய பேஸ்ட்டோடு நேராகப் பிடுங்கினால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் ஊசிகள் வளைந்துபோகும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ். மல்டிமீட்டரில் 12.1 வோல்ட் காட்டியதே, பிறகு எப்படிக் கெடுதல் செய்திருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். 12 வோல்ட்டின் மீது ஏறி வரும் நடுக்கம் 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கெபாசிட்டர்கள் காய்ந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது பலமடங்கு ஆகியிருந்தாலும் மீட்டர் 12.1 என்றே சொல்லும். அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நிச்சயம் ஒன்று இருக்கும், பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வோல்டேஜ் ஏறி இறங்கிய பிறகு, பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. இது பிராசஸர் பழுதின் அடையாளம் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு மட்டுமே இது அடையாளம். பிராசஸருக்கான 8 ஊசி பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். இப்போது விசிறி நிற்காமல் சுற்றினால், பழுது வி.ஆர்.எம். பகுதியிலோ பிராசஸரிலோ இருக்கிறது. சிவகாசி வாசகருக்குச் சொன்ன மல்டிமீட்டர் சோதனை அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். பிராசஸரைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். சாக்கெட் காலியாக இருப்பதை உணர்ந்து கிளம்பவே மறுக்கும் மதர்போர்டுகள் இருப்பதால் அதை நான் நம்புவதில்லை. 8 ஊசி பிளக் இல்லாமலும் விசிறி நின்றுவிட்டால், மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். தவறான இடத்தில் திருகிய ஒரு பித்தளைக் கால் மதர்போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டதுண்டு.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். பழுதான அன்றே ஹார்டு டிஸ்க்கும் சுற்றுவதை நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் பத்தாண்டுப் புகைப்படங்கள் அதில் இருக்கின்றன. மீட்க வழி உண்டா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நம்பிக்கையை விடாதீர்கள், அம்மா. ஹார்டு டிஸ்க்கின் பச்சைப் பலகையில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் தனித்தனியாக டி.வி.எஸ். டையோடு என்னும் காவல் உறுப்புகள் இருக்கும். வோல்டேஜ் எகிறினால் அவை தாம் ஷார்ட் ஆகி, மற்றவற்றைக் காப்பாற்றும். பல சமயங்களில், ஷார்ட் ஆன அந்த டையோடை அகற்றினாலே டிஸ்க் சுற்றத் தொடங்கிவிடும். காவல் இல்லாமல் ஓடும் அந்த நிலையில், நம்பகமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இணைத்து, புகைப்படங்களை உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். அதே மாடலின் பச்சைப் பலகையை வாங்கி மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் இசையாதீர்கள். பிற்கால டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் பலகையில் இருக்கும் சிறு சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்துப் பொருத்தாமல் பலகையை மட்டும் மாற்றினால் பயன் இருக்காது. எதுவானாலும், டிஸ்க்கின் உலோக மூடியைத் திறக்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: ஸ்பைக் கார்டு போட்டிருந்தும் எங்கள் கணினி எரிந்துவிட்டது. அப்படியானால் எதைத்தான் போடுவது?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஸ்பைக் கார்டு, இமைப்பொழுதில் வந்து மறையும் எகிறலைத் தடுப்பதற்கானது. நியூட்ரல் அறுந்து நிமிடக்கணக்கில் நிற்கும் 300 வோல்ட்டை அதனால் தாங்க முடியாது; உள்ளே இருக்கும் வாரிஸ்டர் எரிந்துபோகும். அதற்கு வேண்டியது, வோல்டேஜ் வரம்பு மீறினால் இணைப்பையே துண்டித்து, சரியான பிறகு சற்றுத் தாமதித்து இணைக்கும் கருவி. மின்பொருள் கடையில் ‘ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர்’ என்று கேளுங்கள். மெயின் போர்டிலேயே பொருத்தினால் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சேர்ந்து காக்கப்படும். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் கசியும் சிறிதளவு மின்சாரம் எர்த் கம்பி வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் அது கேபினெட்டிலேயே தங்கி, மெயின் வோல்டேஜில் பாதி அளவு வரை காட்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த மூன்று ஓட்டை பிளக்கின் பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.